எட்டு நிமிட நடை

விடியுமுன் பிராவோ நதியைக் கடப்பேன்.
மே மாதத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.
பாவாடையைச் சுருட்டி இடுப்பில் செருகி
தலையில் ஒரு பிளாஸ்டிக் கூடை,
கூடைக்குள் பதினொரு தேள்கள்.

செம்புக் கம்பியில் நான் முறுக்கியவை.
ஒவ்வொரு கொடுக்கிலும் ஒரு சிவப்பு மணி.
பறக்காமல் ஓடும் பாலைப் பறவைகள் இரண்டு.
மிளகாய் ஊறுகாய் தீர்ந்துபோன ஜாடி ஒன்று,
அதன்மேல் அக்கா மகன் எவரார்தோ
அவர்கள் பாஷையில் எழுதி ஒட்டிய சீட்டு:
தேள் ஆறு டாலர். பறவை எட்டு. நன்றி.
நன்றியில் ஓர் எழுத்துப் பிழையாம்.
திருத்தவா என்றேன்.
வேண்டாம், பிழை இருந்தால்தான்
நம்புவார்கள் என்றான்.

அடிவாரத்துப் பலகையையும் அவன்தான் படித்துச் சொன்னான்:
காட்சி முனை. எட்டு நிமிட நடை.
தண்ணீர் எடுத்துச் செல்லவும்.
கூடையோடு எனக்கு ஐந்து நிமிடம்.
உச்சியில் ஒரு பெஞ்சு, ஒரு தட்டைப் பாறை.
பாறையில் தேள்களை வரிசையாய் வைத்து
காற்றுக்கு அசையாதிருக்க ஜாடிக்குள் ஒரு கல்லும் போட்டு
வெளிச்சம் வருமுன் திரும்பிவிடுவேன்.

பிறகு பகல் முழுக்க
இந்தப் பக்கம் கருவேல நிழலில்
பைனாகுலரும் நானும்.
இடது கண்ணாடியில் விரிசல்.
அதனால் அங்கே வருகிற எல்லோருக்கும்
முகத்தின் குறுக்கே ஒரு கோடு.

வேனிலிருந்து இறங்குவார்கள்.
பாதி மேட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.
ஒருவர் தொப்பியைத் துரத்தி ஓடுவார்.
ஒருத்தி இரு கைகளையும் விரித்துக்கொண்டு
யாரோ வந்து கட்டிக்கொள்ளப் போவதுபோல் நிற்பாள்.
யாராவது ஒரு தேளை எடுத்து
திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள்.
என் வயிறு ஏறி இறங்கும்.

சில நாள் காவலர் வந்து
எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிப் போவார்.
ஒருமுறை ஜாடியை மட்டும்
கல்லோடு விட்டுப் போயிருந்தார்.

கடைசியில் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிப்
போனைத் தூக்குவார்கள்.
கார்மென் மலைச்சுவர், அதன் காலடியில்
பேய்த்தேர் ஓடும் வெளி,
வெளியின் விளிம்பில் எங்கள் பதினேழு வீடுகள்.
அக்கரை பச்சை என்று ஆசைப்பட
இங்கே இரண்டு கரையிலும் பச்சை இல்லை.
ஆனாலும் தினமும் வந்து பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை மண்காற்று.
வேன் ஒன்றும் வரவில்லை.
இருட்டட்டும் என்று காத்திராமல்
வெயில் சாயும்போதே எடுத்துவரப் போனேன்.
அத்தனை வருடத்தில் முதல்முறையாக
அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மலை முதலில் சுட்ட ரொட்டியின் நிறத்தில் இருந்தது.
பிறகு உரித்த மாதுளை.
பிறகு என்னிடம் பெயர் இல்லாத ஏதோ ஒன்று.
பரவாயில்லை,
எட்டு நிமிடம் நடக்கலாம் இதற்கு.

அப்புறம் என் வீட்டைத் தேடினேன்.
தேவாலயச் சுவரிலிருந்து மூன்றாவது.
கொடியில் இரண்டு சட்டை.
வாசலில் செலெஸ்தினோ, நகத்தளவு,
நெற்றியில் கைவைத்து
நான் இல்லாத கருவேல மரத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
கூப்பிட்டால் கேட்காது.
கூப்பிடவும் இல்லை.

அடுப்படிக்கு மேலே
நீலத் தார்ப்பாயின் ஒரு மூலை
கிளம்பிக் கிளம்பி அடித்துக்கொண்டிருந்தது.
அட, அதுதானா.
மாவுப் பானைக்குள் சொட்டியது அங்கிருந்துதானா.
இரண்டு மழைக்காலம்
உள்ளேயிருந்து அண்ணாந்து தேடினோம்,
ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை நதியைக் கடக்கவில்லை.
ஏணி போட்டுக் கூரைக்கு ஏறினேன்.
தகரம் அதற்குள் தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது.
தூரத்து மேட்டில் ஐந்தாறு பேர்.
யாருடைய போட்டோவிலோ
நீலத்தின்மேல் ஒரு புள்ளியாக விழுந்திருப்பேன்.
ஒருவர் கையசைத்தது போலவும் இருந்தது.

ஒரு கையில் சுத்தியல்,
மறு கையில் தார்ப்பாயின் மூலை,
வாயில் மூன்று ஆணி.